பூட்டிய கேட்டுதான் அங்கே முதல் பாயின்ட்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பொறுமை இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் சாயங்காலம் டீ குடிக்கும்போது படியுங்கள். கோபம் வந்தால் போன் பண்ணுங்கள், வீட்டில்தான் இருக்கிறேன்.

இந்த ஜனவரி கடைசி வாரம் குடும்பத்தோடு மூணாறு போய் வந்தோம். பெரியவர், சின்னவர் சேர்த்துப் பதினான்கு பேர், ஒரு டெம்போ டிராவலர். செங்கம், ஊத்தங்கரை, சேலம், கரூர், திண்டுக்கல், தேனி, போடி வழியாக மலை ஏறினோம். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கும் போனோம். நான் நாலைந்து படம் போட்டேன். அதற்கு இரண்டு செய்தி வந்தது. அந்த இரண்டும்தான் என்னை இதை எழுத வைத்தன.

முதல் செய்தி, 2004-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் அனுப்பியது. இப்போது சொந்தமாக டிராவல்ஸ் வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். "சார், மே லீவுக்கு நம்ம ஊர்ல நிறைய பார்ட்டி மூணாறு கேக்கறாங்க. இரவிகுளத்துல பார்க்க வேண்டிய பாயின்ட் எல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதிக் குடுங்க சார், நோட்டீஸ்ல போட்டுக்கறேன்."

இரண்டாவது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் மகன் போட்டது. எங்களோடு கூட வந்தவன்தான். "மாமா போட்ட படத்தைப் பார்த்து யாரும் ஏமாறாதீங்க. இரவிகுளம் சுத்த வேஸ்ட். நம்ம வண்டியை விட மாட்டான். மணிக்கணக்கா க்யூ. அவன் பஸ்ல ஏத்தி மேல இறக்கி விடறான். கொஞ்ச தூரம் ரோட்டுல நடக்கலாம், அதுக்கு மேல கேட்டு. ஆனைமுடி ஏற விட மாட்டான். பத்து ஆடு பார்த்தோம், அவ்ளோதான்." அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் நீ குறை என்று அடுக்கியிருக்கிறாயே, அந்த க்யூ, அந்த பஸ், அந்த கேட்டு, அந்த ஏற விடாத ஆனைமுடி, இதெல்லாம்தான் நான் டிராவல்ஸ் தம்பிக்கு எழுதிக் கொடுக்கப் போகும் லிஸ்ட்டில் முதலில் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 1985-இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2018 மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த 33 வருஷமும் கரும்பலகையில் எழுதிய ஒரு வரி உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: "தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் ஆனைமுடி, 2695 மீட்டர்." ஒற்றை மதிப்பெண் கேள்வி. தமிழ்நாட்டின் உயரமான சிகரம் என்று கேட்டால் தொட்டபெட்டா, 2637 மீட்டர். இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் 21 வருஷம் நானும் ஆனைமுடியைப் பார்த்ததில்லை. உயரம் தெரியும், மலை தெரியாது. 2006-இல்தான் முதலில் பார்த்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அது பெருமைப்படுகிற கதை இல்லை.

முதலில் கேட்டு விஷயம்.

இரவிகுளம் மொத்தம் 97 சதுர கிலோமீட்டர். நம்மை விடுவது ராஜமலை என்ற ஓரத்தில் ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும். மிச்சம் முழுக்கப் பூட்டு. வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்டத் துரைமார் காலத்தில் அது அவர்கள் வேட்டைக்கும் மீன் பிடிக்கும் ஒதுக்கி வைத்த இடம். அதற்குக் காவல் இருந்தவர்கள் அந்த மலையின் முதுவர்கள். 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் மலை நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975-இல் இந்தப் பகுதி சரணாலயம் ஆனது. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அந்தப் பட்டியலில் இரவிகுளமும் இருந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை போட்டுவிட்டார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் புல்வெளி எல்லாம் வாட்டில் மரத்துக்கும் யூகலிப்டஸுக்கும் போய்விட்டது. இந்த 97 சதுர கிலோமீட்டர் தப்பியதற்குக் காரணம், முதலில் துரைமாரின் சுயநலம், பிறகு சட்டம். இரண்டு காலத்திலும் ஒரே வேலைதான் நடந்தது: கண்டவர்களையும் உள்ளே விடவில்லை. மாப்பிள்ளை, நீ பார்த்த பத்து ஆடு அங்கே நிற்பதற்குக் காரணம், உன் வண்டியையும் உனக்கு முன்னால் வந்த ஆயிரக்கணக்கான வண்டிகளையும் கீழேயே நிறுத்தியதுதான்.

அடுத்து அந்த ஆடு.

அது வரையாடு. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. கேரளத்துக்கு யானை, நமக்கு வரையாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் அது கிடையாது. தமிழ்நாடு அரசு 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் நம் மாநிலம் முழுவதும் 1,031 ஆடுகள்தான் இருந்தன. யோசித்துப் பாருங்கள். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஒரு தேநீர்க் கடை முன்னால் ஒரு மணி நேரத்தில் கடந்து போகும் ஜனத்தைவிடக் குறைவு. அந்த இனம் ஒரே இடத்தில் மிக அதிகமாக இருப்பது இரவிகுளத்தில்தான்.

நாங்கள் போன அன்று மூடுபனி. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். ரோட்டு ஓரத்தில், பத்தடி தூரத்தில், ஒரு பெட்டை மேய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்து ஓடவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை, பிறகு மறுபடி புல். என் பேத்தி கிசுகிசுத்தாள், "தாத்தா, அதுக்கு நம்மள பார்த்து பயமே இல்லையே." அவளுக்கு ஏழு வயது. பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவள் கண்டுபிடித்துவிட்டாள். மனிதனைப் பார்த்துப் பயப்படாத காட்டு விலங்கை நீங்கள் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? பயம் சும்மா போகாது. யாரும் சுடாமல், கல் எறியாமல், துரத்தாமல் இருந்தால்தான் போகும். அதைக் கெடுப்பதற்கு ஒரு வண்டி ஆட்கள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போனால் போதும்.

கொஞ்சம் மேலே, பாறை விளிம்பில், காவலர் ஒருவர் கை காட்டினார். தாயின் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி. நிற்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. "இனி ரெண்டு மாசம் அடைச்சிடும் சாரே" என்றார். ஆமாம், அதுதான் குட்டி போடும் பருவம். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மொத்தமாக மூடிவிடுகிறார்கள். டிக்கெட் வருமானம் போனாலும் போகட்டும் என்று மூடுகிறார்கள். நம் வீட்டில் பிள்ளை பிறந்தால் வாசலில் யாரையும் கூட்டம் போட விடுவோமா? தீட்டு என்று சொல்லியாவது பத்து நாள் தள்ளி நிற்க வைப்போம். அதைத்தான் ஒரு அரசாங்கம் ஒரு ஆட்டுக்குச் செய்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய காட்சி அந்த மலையில் இல்லை.

இப்போது அந்த 2006 கதை.

அந்த வருஷம் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. காலாண்டு விடுமுறையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மலைச் சரிவு முழுக்க நீலம். பேருந்தில் ஆட்டம் போட்டுக்கொண்டு வந்த பையன்கள்கூட வாயடைத்து நின்றார்கள். "பூவைப் பறிக்காதீர்கள்" என்று அங்கங்கே பலகை. நான் பலகையைத் தாண்டிப் போய் ஒரு கொத்தை ஒடித்தேன். நான்தான், வாத்தியார். பக்கத்தில் இருந்த ஒரு மாணவி கேட்டாள், "சார், பறிக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே?" நான் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "ஒண்ணே ஒண்ணுதானேம்மா, அடுத்த வருஷப் பசங்களுக்குப் பாடத்துக்குக் காட்டலாம்."

அது இன்றும் என் பழைய அட்லஸில் இந்திய இயற்கை அமைப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீலம் போய்ப் பழுப்பாகிவிட்டது. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். காய்ந்த சருகைப் பார்த்து அவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

பிறகுதான் படித்தேன். குறிஞ்சிச் செடி வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பூத்து, விதை விட்டு, செத்துப்போகும். அந்த விதைதான் அடுத்த பன்னிரண்டாவது வருஷத்துப் பூ. மல்லிகை மாதிரி இன்று பறித்தால் நாளை பூக்கிற செடி இல்லை. நான் ஒடித்தது 2006-இன் பூவை மட்டுமில்லை, 2018-இன் செடியையும். தேசியப் பூங்காவுக்குள் செடியைச் சேதப்படுத்துவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் சமூக அறிவியல் ஆசிரியரான எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். "ஒண்ணுதானே" என்ற நினைப்பு சட்டத்தைவிடப் பலமாக இருந்தது. அன்று அங்கே வந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் ஒரு "ஒண்ணுதானே" இருந்திருக்கும்.

2018-இல் மறுபடி பூத்தது. அந்த ஆகஸ்ட்டில் கேரளத்தில் பெருவெள்ளம். மூணாறு ரோடெல்லாம் அறுந்து கிடந்தது. போக முடியவில்லை. அடுத்தது 2030. அப்போது எனக்கு 70 வயது. பார்ப்பேனோ மாட்டேனோ. என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண் இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். அம்மா, நீ கேட்டது சரி. நான் சொன்ன பதில் தப்பு. பத்தொன்பது வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து, "வெறும் புல்லுதான் இருக்கு, காடே இல்லை" என்று வண்டியில் திரும்பும்போது நாலு பேர் சொன்னீர்கள். நாம் மரத்தைப் பார்த்தால்தான் காடு என்கிறோம். அந்த மலையின் காடு அப்படித்தான் இருக்கும்: மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்த சோலை. மழை பெய்தால் புல்லும் அதன் அடியில் இருக்கும் மண்ணும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். சோலை வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடையாகும். மழை நின்று மாதக்கணக்காகியும் ஓடை வற்றாமல் இருப்பது அதனால்தான். இரவிகுளத்தின் ஒரு பக்கத் தண்ணீர் பெரியாற்றுக்குப் போகிறது. இன்னொரு பக்கத் தண்ணீர் பாம்பாறாக இறங்கி மறையூர் வழியாக நம் அமராவதிக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. திரும்பி வரும்போது கரூரில் நிறுத்திச் சாப்பிட்டோமே, அந்த ஊர் ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்த "வெறும் புல்லு"தான். வெள்ளைக்காரன் அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்தான். அவன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் நாம் அதே கண்ணோடுதான் பார்க்கிறோம்.

இன்னொரு இடம். அது எந்த நோட்டீஸிலும் வராது. நாங்கள் இறங்கிய ராஜமலையைத் தாண்டிப் போகும் ரோட்டில் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, விடாமல் பெய்த மழையில் மேலிருந்த மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் தமிழர்கள். நம் தென்மாவட்டங்களிலிருந்து தாத்தா, பாட்டி காலத்தில் தேயிலை பறிக்கப் போன குடும்பங்கள். மூணாறில் நாம் படம் எடுக்கிற பச்சைக் கம்பளம் அவர்கள் கையால் ஆனது. அந்தக் கம்பளத்தின் மேல் நின்று நாம் இருநூறு செல்ஃபி எடுத்தோம். எங்கள் வண்டியில் பதினான்கு பேரில் பெட்டிமுடி என்ற பெயரைக் கேட்டிருந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன், டிரைவர் ஒருவர்.

இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், மலை ஒரு சினிமாப் பின்னணித் துணி இல்லை. அதற்கு எடை இருக்கிறது. கீழே ஜனம் இருக்கிறது. இதை மூணாறு போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமக்கு, அதாவது திருவண்ணாமலைக்காரர்களுக்கு, இல்லை.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சாயங்காலம் செய்தி வந்தது, வ.உ.சி. நகரில் அண்ணாமலையார் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்துவிட்டது என்று. ஏழு பேர். அதில் ஐந்து குழந்தைகள். அந்த வாரம் முழுக்க நான் மொட்டை மாடிக்குப் போகவில்லை. போனால் மலை எதிரே நிற்கும். அறுபது வருஷமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிற மலையைப் பார்க்க முடியாமல் போவது என்ன வேதனை என்பது நம் ஊர்க்காரனுக்குத்தான் புரியும்.

அந்த மாதம் 13-ஆம் தேதி கார்த்திகை தீபம். மண் இளகியிருக்கிறது, பக்தர்கள் யாரும் மலை ஏறக் கூடாது என்று சொன்னார்கள். கொப்பரையையும் நெய்யையும் திரியையும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் போனார்கள். உடனே நம் ஆட்கள் என்ன பேசினோம்? "எங்க மலை, எங்க சாமி, இவன் யார் தடுக்க?" மாப்பிள்ளை இரவிகுளத்தைப் பற்றிச் சொன்ன அதே பேச்சு.

நான் கேட்கிறேன். அன்று தீபம் எரிந்ததா, இல்லையா? எரிந்தது. வேங்கிக்காலில் என் மாடியிலிருந்து பார்த்தேன். சுற்றுவட்டார ஊர்களில் எல்லாம் பார்த்தார்கள். தீபமே கீழே தூரத்தில் நிற்கிறவன் பார்ப்பதற்காக ஏற்றுவதுதானே? பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் கோயிலுக்குள் ஒரு அகல் போதுமே. 2668 அடி உயரத்தில் எதற்குக் கொப்பரை?

கிரிவலமும் அப்படித்தான். மலையே சாமி, அதைக் காலால் மிதிக்க வேண்டாம் என்று என் பாட்டி சொல்வாள். 14 கிலோமீட்டர் செருப்பில்லாமல் சுற்றி வருகிறோம். ஏறி ஜெயிப்பது இல்லை, சுற்றி வணங்குவது. ஒரு மலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நம் முன்னோர் நமக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் "ஏன் ஏற விட மாட்டேன் என்கிறான்" என்று கேட்கலாம். அதைக் கேட்கத் தகுதியில்லாத ஒரே ஊர்க்காரர்கள் நாம்.

எதிர்க் கேள்விகள் வரும் என்று தெரியும். வகுப்பிலேயே கேட்டவர்கள்தானே நீங்கள்.

"ரமணர் மலை மேலேயே இருந்தாரே சார்?" இருந்தார். 1899 முதல் 1922 வரை விருபாட்ச குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். அவர் ஒரு கோவணத்தோடும் ஒரு கமண்டலத்தோடும் இருந்தார். அந்தச் சாமானோடு போகிறவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

"மக்கள் பார்த்தால்தானே சார் காட்டை நேசிப்பார்கள்?" இது நல்ல கேள்வி. அதனால்தான் ராஜமலையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 97 சதுர கிலோமீட்டரும் திறந்திருந்தால்தான் நேசம் வரும் என்றால் அதன் பெயர் நேசம் இல்லை. என் பேத்திக்கு அந்தச் சின்ன ரோடு போதுமானதாக இருந்தது.

"ஏழை ஜனத்தைத்தான் தடுக்கறான், பணக்காரன் ரிசார்ட்டை மலை உச்சியில் கட்டறானே?" இதை மறுக்க மாட்டேன். உண்மை. மலைச் சரிவை வெட்டி ஏழு மாடி எழுப்புகிறவனுக்கு ஒரு நியாயமும், டெம்போவில் வரும் நமக்கு ஒரு நியாயமும் இருக்கக் கூடாது. வ.உ.சி. நகரில் சரிவில் குடியிருந்தவர்கள் ஆசைப்பட்டா அங்கே போனார்கள்? சமதளத்தில் இடம் வாங்க வழியில்லாமல் போனார்கள். ஆகவே நம் கோபம் சரியான இடத்துக்குப் போக வேண்டும். கேட்டை உடை என்று கேட்காதீர்கள். கேட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேளுங்கள். சரிவில் இருப்பவர்களுக்குப் பத்திரமான இடத்தில் வீடு கொடு என்று கேளுங்கள். நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

"கட்டுப்பாடு போட்டால் அங்கே கடை வைத்திருப்பவன் பிழைப்பு என்ன ஆகும்?" சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது இதே கேள்வி வந்தது. பிழைப்பு பெரிய விஷயம்தான். ஆனால் வண்டி நகராமல் ஆறு மணி நேரம் மலை ரோட்டில் நிற்கிறவன் எந்தக் கடையில் இறங்கி என்ன வாங்குவான்? தண்ணீர் வற்றிய மலையில் எந்த விடுதி நடக்கும்? பிழைப்புக்கு முதல் போட்டது மலை. முதலைத் தின்றுவிட்டு வியாபாரம் செய்ய முடியாது என்பது நம் சந்தைக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போடி தாண்டும்போது குரங்கணிக்குப் பிரியும் ரோட்டைக் காட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. 2018 மார்ச் 11, அந்த மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேற்றம் போன இளம்பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். படித்து வேலைக்குப் போன பிள்ளைகள். மறுநாள் காலை வகுப்பில் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. மார்ச் மாதத்தில் காய்ந்த புல்லுக்கு நடுவே இருப்பது என்றால் என்ன என்று எந்த "பாயின்ட்" லிஸ்ட்டும் சொல்வதில்லை. நம் அண்ணாமலையிலும் கோடையில் புல் காய்ந்து நிற்கும்போது யாரோ அணைக்காமல் போடும் ஒரு பீடித் துண்டு, ஒரு கற்பூரம், மலையைப் பற்ற வைக்கிறது. வருஷா வருஷம் மாடியிலிருந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கிறேன். தீபம் என்று நினைத்துக் கும்பிட்ட வெளியூர்க்காரரையும் பார்த்திருக்கிறேன். அதை அணைக்க இலைக்கொத்தோடு ஓடும் வனத்துறை ஆட்களையும் தன்னார்வப் பிள்ளைகளையும் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சரி, டிராவல்ஸ் தம்பி. நீ கேட்ட லிஸ்ட் இதோ. விருப்பமிருந்தால் நோட்டீஸில் போடு.

இரவிகுளத்தில் பார்க்க வேண்டியவை:

1. கேட்டு. க்யூவில் நிற்கும்போது அந்தப் பக்கம் எத்தனை மலை நமக்கு அனுமதி இல்லாமல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

2. நம்மைப் பார்த்துப் பயப்படாத வரையாடு. கையில் தின்பண்டம் வேண்டாம். கூப்பிட வேண்டாம். அது போகும்வரை நின்றால் போதும்.

3. புல். குனிந்து பாருங்கள். காலடி மண் எவ்வளவு ஈரம் என்று தொட்டுப் பாருங்கள். ரோட்டை விட்டு இறங்காமலே தொடலாம்.

4. ஆனைமுடி. கீழே நின்று பாருங்கள். 2695 மீட்டர். ஏறாமல் பார்த்தாலும் உயரம் குறையாது.

5. பெட்டிமுடி இருக்கும் திசை. ஒரு நிமிஷம் பேசாமல் நில்லுங்கள்.

6. மூடுபனி இருந்தால் மூடுபனி. "ஒண்ணும் தெரியலையே" என்று காசைத் திருப்பிக் கேட்காதீர்கள். மலை நமக்காக உத்தியோகம் பார்க்கவில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் யாராவது "உள்ளே விட ஏற்பாடு பண்ணித் தர்றேன்" என்று சொன்னால் அவனை நம்பாதே. "ஆஃப் ரோடு ஜீப்பு, மலை மேலேயே போகலாம்" என்று கேட்கும் பார்ட்டிக்கு, சார் திட்டுவார் என்று சொல்.

மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது வண்டி எடுப்போம். நீதான் ஓட்ட வேண்டும், அதற்குள் எனக்குக் கண் எப்படி இருக்குமோ. க்யூவில் நிற்போம். அவன் பஸ்ஸில் ஏறுவோம். அவன் விடும் தூரம் வரை போவோம். என் அட்லஸை எடுத்து வருகிறேன். அந்தப் பழுப்புக் கொத்தை வைத்துக்கொண்டு, என் பேத்திக்கு, அப்போது அவள் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருப்பாள், தாத்தா செய்த தப்பு இதுதான் என்று பூக்கு எதிரிலேயே காட்ட வேண்டும்.

நான் இல்லாவிட்டால் நீ காட்டு. அட்லஸ் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது.

அதுவரை வரும் பௌர்ணமிக்கு எல்லோரும் ஊருக்கு வாருங்கள். சுற்றுவோம். தண்ணீர் வீட்டிலிருந்தே சொம்பிலோ பாட்டிலிலோ கொண்டு வாருங்கள். அன்னதானம் வாங்கினால் தட்டைக் கையிலேயே வைத்திருந்து தொட்டியில் போடுங்கள். மலையை நிமிர்ந்து பாருங்கள். மேலே ஏற வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.